பெத்தாபராவில் கிழிந்த துருத்தி

பெரிய வெள்ளிக்கிழமை காலையில், விதைக்கடை மாடியில் இருந்த லீலண்ட் எடிகரின் அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி படியேறி வந்தார். நனைந்த குடையைக்கூட மடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். லீலண்டின் உதவியாளர் டானா ஓக்லி அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். பிறகு எதற்கு நின்றோம் என்று கூச்சப்பட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் பெத்தாபரா பல்கலைக்கழகத்தின் தலைவர் லோயிஸ் ரெகியர். டானா அங்கே மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறாள். வேலை முடிந்து போய் இருட்டிய பிறகு திரும்புகிறவளுக்கு அந்த வளாகத்தைப் பகலில் பார்த்த ஞாபகமே இல்லை.

“போலீசுக்குப் போக முடியாது, லீலண்ட். உங்களுக்கே தெரியும்,” என்றார் லோயிஸ்.

லீலண்டுக்குத் தெரியும். அவரும் அந்த மெனோனைட் சபையில் பிறந்தவர்தான். சபைச் சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுப்பதைவிட நஷ்டத்தை வாங்கிக்கொண்டு போவதே மேல் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். கான்சாஸின் அந்தப் பக்கத்தில் ஆலங்கட்டி விழுந்தால் கோதுமை எவ்வளவு போயிற்று என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வது லீலண்டின் தொழில். தாள் ஒடிந்தது மழையினாலா, மாடு புகுந்ததாலா என்று வயலில் குந்தி உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண். போலீஸ் வேண்டாம், உண்மை மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது.

லோயிஸ் நடந்ததைச் சொன்னார். பெத்தாபராவில் தலைமுறை தலைமுறையாக வாத்தியம் இல்லாமல்தான் பாடுவார்கள். நான்கு குரலில், கூரை அதிர. போன வருஷம் பழைய மாணவர் ஒருவரின் விதவை பெரிய குழாய் ஆர்கன் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். பாதிப் பேருக்குத் திருவிழா, பாதிப் பேருக்கு இழவு வீடு. வரும் ஈஸ்டர் ஞாயிறன்று அதற்குப் பிரதிஷ்டை. வாசிப்பதற்கென்றே கேலன் வீபி என்ற இசைக் கலைஞரை வேலைக்கு எடுத்திருந்தார்கள். நேற்று, பெரிய வியாழன் மாலை, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக நடக்கும் கால் கழுவும் ஆராதனை தொடங்கும்வரை வீபி பயிற்சி செய்துகொண்டிருந்ததை ஊரே கேட்டது. ஆராதனை முடிந்ததும் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனவர் நிர்வாகக் குழுத் தலைவர் ஹார்வி நாக்டிகல். இன்று காலை அவரே வந்து திறந்துவிட, வீபி ஆர்கனை இயக்கினார். சத்தத்துக்குப் பதில் பெருமூச்சுதான் வந்தது. அடித்தளத்தில் காற்றை நிரப்பித் தரும் துருத்தியின் தோலை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள்.

“ஆக, எல்லாரும் கால் கழுவிட்டிருந்த நேரத்துல,” என்றார் லீலண்ட்.

“ஆமா. வருஷத்துல அந்த ஒரு நாள் நாங்க எவ்வளவு பதவிசா இருப்போம் தெரியுமா? மத்தியானத்துக்கு மேல விடுதியில சுடுதண்ணிகூடக் கிடைக்காது. அந்த மாதிரி ஒரு நாள்ல இப்படி.” லோயிஸ் குடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எல்லாரும் ஆன்செல்ம் வோத்தைத்தான் சொல்றாங்க.”

வோத் பாடற்குழுவின் ஆசிரியர். வளாகத்தில் ஆர்கனை வாய்விட்டு எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். நேற்று ஆண்கள் கூடியிருந்த அடித்தளக் கூடத்துக்கு அவர் வரவே இல்லை. எங்கே போனீர்கள் என்று காலையில் கேட்டதற்கு, “அங்க உட்கார எனக்குத் தகுதி இல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிட்டார் நாக்டிகல். இன்று பிற்பகல் ஆராதனைக்குப் பிறகு குழு கூடும். வோத்தை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம் தயார். அவர் குடியிருக்கும் வீடும் பல்கலைக்கழகத்தினுடையது.

“எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா மனுஷன் தனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். நான் எதை வச்சுத் தடுக்கிறது?”

லீலண்ட் தொப்பியை எடுத்துக்கொண்டார். “கூட்டத்துக்கு முன்னாடி சொல்றேன்,” என்றார். வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்கிறவரைப் போல அவ்வளவு நிதானமாக அவர் சொன்னது டானாவுக்குப் பொறாமையாக இருந்தது.

முதலில் வோத்தின் வீடு. அவர் சமையலறையில் ஈஸ்டருக்கான பாஸ்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரை மாவு. உள்ளே வரச் சொன்னார், நிறுத்தவில்லை. நேற்று மாலை எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வியைக் கேட்கும் பொறுப்பு டானாவுடையது. வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்த கேள்வி, வாயில் வரும்போது பாதியாகத் தேய்ந்துவிட்டது.

வோத்துக்குப் புரிந்தது. “வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தேன்மா. கோதுமைக்காட்டு ஓரமா. மழையைப் பாத்துட்டு.”

“ஏன் உள்ள வரல?”

“மனசுல கசப்ப வச்சுக்கிட்டு இன்னொருத்தன் கால தொடக் கூடாது. அது எங்க முறை.”

“யார் மேல கசப்பு?”

“பட்டியல் வேணுமா? உட்காரு, காபி ஆறிடும், அவ்வளவு நீளம்.” மாவைத் தூக்கிப் பலகையில் அறைந்தார். “ஹார்வி பேரு மட்டும் ரெண்டு தடவ வரும்.”

இதை ஏன் குழுவிடம் சொல்லவில்லை என்று டானா கேட்டாள். சொன்னால் தனக்காகத் தானே வாதாடுவதாக ஆகும், அதில் தனக்குப் பழக்கம் இல்லை என்று வோத் பதில் சொன்னார். வெளியே வந்ததும், வேலை போகிற நேரத்தில் இப்படியும் ஒரு வீம்பா என்று டானா முணுமுணுத்தாள். லீலண்ட் சிரித்தார். தன் அப்பாவும் இப்படித்தான், பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டித் தள்ளியபோது மன்னிப்புக் கேட்டது தன் அப்பாதான் என்றார்.

கோயில் கட்டடத்தில் நாக்டிகல் சாவிக்கொத்தோடு காத்திருந்தார். பெரிய பண்ணைக்காரர், பேசும்போது எதிரில் இருப்பவரைத் தாண்டித் தூரத்து வயலைப் பார்ப்பது போலப் பார்ப்பவர். நேற்று அடித்தளத்தில் ஆண்களின் ஆராதனையை நடத்தியவரும் அவர்தான். பெண்கள் மேலே, கோயிலுக்குள்ளேயே, பீடத்தைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். துருத்தி அறைக்குப் பீடத்துக்குப் பின்னால் ஒரு தரைக்கதவு உண்டு. பெண்கள் அதன் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி: அடித்தளக் கூடத்திலிருந்து ஒரு நடைவழி, அதன் முடிவில் பழைய கரி அறை, கரி அறைக்குள்ளே துருத்தி அறை. நடைவழியில் முற்றத்துக்குப் போகும் வெளிக்கதவும் இருந்தது. ஆராதனை நேரத்தில் அது பூட்டப்படவில்லை.

“வோத் அந்த வழியா வந்திருப்பார். வேற யாரு? மத்தவங்க எல்லாம் என் கண்ணு முன்னாடி இருந்தாங்க,” என்றார் நாக்டிகல்.

எப்படி நடந்தது என்று லீலண்ட் கேட்கக் கேட்க, நாக்டிகல் விவரமாகச் சொன்னார். வட்டமாக நாற்காலிகள். எல்லாரும் செருப்பும் சாக்ஸும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, அடங்கின குரலில் பாடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டிரண்டு பேராக எழுந்து, நடைவழிக் கதவை ஒட்டின மூலைக்குப் போய், ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்புவார்கள். பேசின்களில் தண்ணீர் மாற்றுவதற்கும் துண்டு எடுப்பதற்கும் ஆட்கள் போவார்கள், வருவார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேற்று வந்தவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து சபையில் இருப்பவர்கள். ஹூஸ்டனிலிருந்து கூடைப்பந்து ஆட வந்த ஒரு மாணவன் மட்டும் புதுசு, முதல் தடவையாக எட்டிப் பார்த்தான். நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

டானா நடைவழியைத் தரையோடு தரையாகப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்று கூடத்துக் கதவுவரை நீளமாகக் கிடந்தது. சேற்றுத் தடம் எதுவும் இல்லை. நேற்று மாலை நல்ல மழை. முற்றம் முழுக்கக் களிமண். அவள் லீலண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெளியிலேர்ந்து வந்திருந்தா சேறு இருக்கணுமே, சார்.”

“பூட்ஸைக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வந்திருப்பார்,” என்றார் நாக்டிகல். “எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் வருவோம்.”

டானா அடங்கிப்போனாள். சேறு இல்லை என்பதை ஆதாரம் என்று நினைத்துவிட்டோமே, இது முதல் வகுப்பில் செய்யும் தப்பு அல்லவா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். லீலண்ட் கரி அறை வாசலில் குந்தினார். கரி எரித்த காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் தரையில் தூள் மெத்தையாகக் கிடந்தது. காலையில் நாக்டிகல் போய் வந்த பூட்ஸ் தடம் ஓரமாகத் தெரிந்தது. நடுவில் யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்த கலைந்த தடம். செருப்பின் அச்சு அதில் இல்லை. துருத்தியின் கிழிசலைக் கைவிளக்கு பிடித்து லீலண்ட் நெடுநேரம் பார்த்தார். தோலின் தையல் வரிசையை ஒட்டி, நூலை மட்டும் அறுத்துக்கொண்டே போயிருந்தது கத்தி. பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்த ஈயக்குழாய்களில் ஒரு கீறல் இல்லை.

அவர் அங்கே இருந்த நேரத்தில் டானா கூடத்தையும் சமையலறையையும் ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஒழுங்காகப் பார்த்து முடித்தாள். நாக்டிகல்மேல் அவளுக்குச் சந்தேகம் முளைத்திருந்தது. சாவி அவரிடம்; கூட்டத்தில் நிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தவர் அவர்; வோத்தை அனுப்ப அவருக்கு இருக்கும் அவசரமும் கொஞ்ச நஞ்சம் இல்லை. வண்டியில் ஏறியதும் லீலண்டிடம் சொன்னாள்.

“இருக்கலாம்,” என்றார் லீலண்ட். “நீ பாத்ததைச் சொல்லு. எல்லாத்தையும். முக்கியமா இல்லையான்னு பாக்காத.”

அவள் சொன்னாள். நாற்காலிகள் வட்டமாக அப்படியே இருக்கின்றன. பேசின்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மூலையில் சிந்திய தண்ணீரை நேற்றே துடைத்துவிட்டார்கள். பாட்டுப் புத்தகங்கள் அலமாரியில். ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கூடு, யாருடையதோ. சமையலறையில் சலவைக் கூடை நிறையத் துண்டுகள். நாளைக்குத்தான் வெளுப்பார்கள் போலிருக்கிறது. ஒரு துண்டு மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. காபிக் கெண்டியில் பாதிக் காபி…

வண்டி சாலையோரமாக நின்றது.

“துண்டு கறுப்பா இருந்துச்சா?”

“கால் துடைச்ச துண்டுதானே.” இதையெல்லாம் போய்ச் சொல்கிறோமே என்று அவளுக்கு முகம் சிவந்தது. “அழுக்காத்தானே இருக்கும்.”

“டானா, நீ கால் கழுவுற ஆராதனைக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல, இல்லையா?”

“நான் விச்சிட்டா விமானத் தொழிற்சாலைக் குடியிருப்புல வளர்ந்தவ. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா துணி துவைக்கிற நாள்.”

லீலண்ட் ஸ்டியரிங்மேல் கைகளை வைத்துக்கொண்டு சிரித்தார். “பெரிய வியாழன் அன்னிக்கு எங்க அம்மா எங்க அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வச்சு, கால் விரல் இடுக்கு வரைக்கும் தேய்ப்பாங்க. எங்க அப்பா நகம் வெட்டி, குதிகால்ல கல்லைப் போட்டு உரசி, புது சாக்ஸ் போட்டுக்கிட்டுத்தான் கெளம்புவார். அழுக்குக் காலை நீட்டி ஒரு சகோதரனைத் தொடச் சொல்றதா? செத்தாலும் செய்ய மாட்டோம். விடுதியில சுடுதண்ணி தீந்துபோறது அதனாலதான். நாங்க கழுவின காலைத்தான் கழுவுவோம். நேத்து அந்தக் கூடையில இருக்கற துண்டெல்லாம் ஈரம் மட்டும்தான் பாத்திருக்கணும்.”

டானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப அது கரித்தூள்.”

“கரித்தூள். வெறுங்காலோட கரி அறைக்குள்ள போனவன், திரும்பி வந்து, அந்தக் கூடத்துலயே காலைக் கழுவக் குடுத்திருக்கான். வோத் அந்தக் கூடத்துக்குள்ள காலே வைக்கல. அவர் செஞ்சிருந்தா கறுப்பு அவர் சாக்ஸோட வீட்டுக்குப் போயிருக்கும்.”

“நாக்டிகல்?”

“நீயே யோசி. அந்தக் காலை ஒருத்தன் கழுவியிருக்கான். கரி பூசின காலு. எங்க ஆளு யாராவது கழுவியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

டானா யோசித்தாள். விடிவதற்குள் மூன்று மாவட்டத்துக்கு விஷயம் போயிருக்கும். யார் காலில் என்ன ஒட்டியிருந்தது என்று காலைக் காபியோடு பேசியிருப்பார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலைக் கழுவியவனுக்கு அதில் பேச என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. தெரியாது. அவளுக்குத் தெரியாதது போலவே.

“கழுவினவன் என்னை மாதிரி ஒருத்தன்,” என்றாள் மெதுவாக. “கால் கழுவறதுன்னா அழுக்குக் காலைத்தான் கழுவுவாங்கன்னு நினைச்சவன். கூட்டத்துல அப்படி ஒரே ஒருத்தன்தான் இருந்திருக்கான்.”

லீலண்ட் வண்டியைத் திருப்பினார். அந்தத் திருப்பத்தில் இருந்த வேகமே டானாவுக்குப் போதுமாக இருந்தது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகாத அந்த ஹூஸ்டன் மாணவன் ஜரேல் பிக்கெட் உடற்பயிற்சிக் கூடத்தில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். பேச்சு மட்டும் சின்னதாக வரும். நேற்று ஆராதனைக்கு ஏன் போனான் என்று கேட்டதற்கு, விடுதி காலியாக இருந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது, போனேன் என்றான். எல்லாரும் பக்கத்திலிருப்பவரோடு ஜோடி சேர்ந்து எழுந்து போனார்கள். அவன் பக்கத்து நாற்காலி காலி. என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

“கடைசியில ஆர்கன் சார்தான் வந்தார். வீபி சார். ‘உன் காலை நான் கழுவலாமா தம்பி’ன்னு கேட்டார். இந்த ஊருக்கு வந்து இத்தனை மாசத்துல பந்து விஷயம் இல்லாம என்கிட்ட வந்து பேசின ஆளு அவர்தான்.”

“அவர் காலை நீ கழுவினியா?”

“கழுவினேன். நல்ல அழுக்கு. அதுக்குத்தானே கழுவறாங்க? எங்க பயிற்சியாளர் சொல்லிக் குடுத்த மாதிரி நல்லா தேச்சு விட்டேன்.” பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டான். “அவர் என் காலைத் துடைக்கறப்போதான் துண்டு அவர் கையில நிக்கல. தண்ணிக்குள்ள விழுந்துச்சு, மறுபடியும் விழுந்துச்சு. விரல் மடங்கவே இல்ல. அழறாரோன்னு நினைச்சு நான் பாக்கல.” பிறகு டானாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினான். “அவருக்கு இதனால ஏதாச்சும் பிரச்சனைன்னா, நான் எதுவும் சொல்லல.”

லீலண்ட் அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

நேராகக் குழுவிடம் போகலாம் என்றாள் டானா. லீலண்ட் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போக வேண்டும், அவன் கேட்காவிட்டால்தான் மற்றவர்களிடம். அது வேதத்தில் இருக்கிறது, அதை மீறினால் தன் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வருவாள் என்றார். கோயிலுக்குள் போனதும் அவளைக் கடைசி வரிசைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் ஆர்கன் பக்கம் நடந்தார். ஆனால் வாத்தியம் இல்லாமல் பாடுவதற்காகக் கட்டிய கோயில் அது. அங்கே முணுமுணுத்தால்கூட வாசல்வரை கேட்கும்.

வீபி ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து, ஓசை வராத கட்டைகள்மேல் விரல்களை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். லீலண்ட் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நாளா கை இப்படி இருக்கு, கேலன்?”

“இலையுதிர் காலத்துலேர்ந்து,” என்றார் வீபி. “மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போச்சு. நரம்புன்னு டாக்டர் சொன்னார். சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம். பயிற்சியில மெதுவான பாட்டா வாசிச்சு ஒப்பேத்திட்டேன். பிரதிஷ்டை அன்னிக்கு வாசிக்க வேண்டியது வேற. ஆர்கனைக் குடுத்த அந்த அம்மா முன்வரிசையில உட்காருவாங்க. வாசிக்கறதுக்குன்னே என்னை எடுத்தாங்க, லீலண்ட். வாசிக்கலன்னா நான் இங்க யாரு?”

“தையலோட மட்டும் அறுத்திருந்தீங்க. திரும்பத் தைக்கற மாதிரி. பாத்தப்பவே தெரிஞ்சுது, ஆர்கனை வெறுக்கறவன் வேலை இல்லன்னு. வெறுக்கறவன் குழாயில கை வச்சிருப்பான்.”

“கொஞ்ச நாள் தள்ளிப்போகும்னுதான் நினைச்சேன். வோத் பேர் அடிபடும்னு தோணவே இல்ல. அடிபட்ட பிறகு… காலையிலேர்ந்து சொல்லப் போறேன், சொல்லப் போறேன்னு இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வேலை முடிஞ்சதும் சாக்ஸைப் போட்டுக்கிட்டுக் கெளம்பியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு அந்தக் கால்ல தண்ணி பட விட்டீங்க?”

“கெளம்பத்தான் சாக்ஸை எடுத்தேன்,” என்றார் வீபி. “அந்தப் பையன் சுவரோரமா நின்னுட்டிருந்தான். வெறுங்காலோட. பக்கத்துல பேசின் தண்ணி ஆறிட்டிருந்துச்சு. எல்லாரும் கண்ண மூடிப் பாடிட்டிருந்தாங்க. நானும் பாக்காத மாதிரி போயிருக்கலாம்.” விரல்களைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “முடியல.”

பின்வரிசையில் டானா தலையைக் குனிந்துகொண்டாள். புதிரின் கடைசி முடிச்சு அவிழ்ந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சந்தோஷம் இருந்தது, அது மட்டும் இல்லை.

பிற்பகல் ஆராதனை முடிந்து குழு கூடியபோது மழை விட்டிருந்தது. நீள மேசையின் தலைப்பில் நாக்டிகல், அவருக்குப் பக்கத்தில் லோயிஸ், இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். கடைசி நாற்காலியில் வோத், கோட்டுக் கையில் இன்னும் மாவுத் தடத்தோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானத்தை வாசிக்க நாக்டிகல் மூக்குக்கண்ணாடியை மாட்டும்போது வீபி எழுந்து நின்றார். எதையும் மறைக்காமல் சொன்னார். கையைப் பற்றியும் சொன்னார்.

இதற்கு என்ன ஆதாரம் என்று நாக்டிகல் கேட்டார். யாரையோ காப்பாற்ற ஒருவர் தன்மேல் பழி போட்டுக்கொள்வது இந்தச் சபையில் நடக்காததா என்றார். அது நியாயமான கேள்விதான் என்று டானாவுக்குத் தோன்றியது. லீலண்ட் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எதிர்பார்க்கவில்லை. எழுந்தாள்.

“சலவைக் கூடையில ஒரு துண்டு கரியா இருக்கு,” என்று தொடங்கினாள். கரி அறையிலிருந்து துண்டுக்கும், துண்டிலிருந்து கழுவியவனுக்கும், அவனிடமிருந்து வீபிக்கும் ஒவ்வொன்றாக வரிசையாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. “அழுக்கு இருக்கறதுதான் சரின்னு நானும் நினைச்சேன். நேத்து மத்தியானம் நீங்க எல்லாரும் வீட்டுல என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எனக்கு யாரும் சொல்லல.”

மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். லோயிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நாக்டிகல் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் காது மடல் சிவந்திருந்தது. நேற்று மத்தியானம் அவரும் நகவெட்டியோடு உட்கார்ந்திருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“சரி,” என்றார் நாக்டிகல். “சகோதரர் வோத்மேல நான் சொன்னது தப்பு. அத எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். தீர்மானம் அப்படியே இருக்கட்டும். பேரை மாத்திடலாம். வாசிக்க முடியாத ஆர்கன்காரர், ஆர்கனையும் கிழிச்சவர். இதுல பேச என்ன இருக்கு?”

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. வோத் எழுந்தார்.

“பேச இருக்கு, ஹார்வி. எனக்காகப் பேச எனக்கு வராது. இவனுக்காகன்னா வரும்.” கோட்டுப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இவனை அனுப்பினா இதையும் எடுத்துக்கோ. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணித் தரேன். அடுப்புல ரொட்டி வேகுது, அதையும் நீயே இறக்கிக்கோ.”

“அவர் உங்க பேரைக் கெடுத்தவர், ஆன்செல்ம்.”

“என் பேரைக் கெடுத்தது நீ. அவன் பேசாம இருந்தான், அவ்வளவுதான். நானும்தான் பேசாம இருந்தேன்.” சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் அங்கேயே விட்டார். “வைங்க உங்க தீர்மானத்தை. யார் கை தூக்கறாங்கன்னு பாக்கலாம்.”

நாக்டிகல் தீர்மானத்தை வாக்குக்கு வைத்தார். மேசையின் இரண்டு பக்கமும் கைகள் மடியிலேயே இருந்தன. சற்று நேரம் காத்திருந்த நாக்டிகல், தன் கையும் மேலே போகவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தவர் போலக் கண்ணாடியைக் கழற்றினார்.

வோத் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வீபியிடம் திரும்பி, சந்தையில் மாட்டை விலை பேசுகிறவரைப் போல மேலும் கீழும் பார்த்தார்.

“உன் குரல் என்ன? பேஸா?”

வீபிக்குப் புரியவில்லை. “ஆமா,” என்றார். “ஆனா பாடி ரொம்ப வருஷம் ஆச்சு.”

“அது கேட்டாலே தெரியுது. எனக்குக் கீழ்க்குரல்ல ரெண்டு ஆளு குறையுது. ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிட்டான், இன்னொருத்தனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஒரு ஒத்திகைதான் இருக்கு.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “விரல் வேணாம். வாயைத் தொறந்தா போதும். வா.”

வீபி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார்.